முசிறிக்கு வந்த கப்பல்
உதவித்தொகைக்கு இலக்கியக் கட்டுரை தயார் என்று பக்கத்து வீட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பையன் நீட்டினான். முதல் வரியிலேயே யவனர்கள் எங்கள் காவிரிக்கரை முசிறியில் பொன்னைக் கொட்டி மிளகு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அகநானூற்று முசிறி கேரளக் கரையில்."

"இங்கேயும் ஆறு இருக்கே சார்" என்றார் அவன் அப்பா.

இருக்கிறது. கோடையில் கப்பல் வந்தால் இறங்கி எதிர்க்கரைக் குளித்தலை வரை தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை வேறு. அந்த உதவித்தொகைக்காக 2022இல் அரசு தொடங்கிய தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. கட்டுரையே கிடையாது, சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் இலக்கியத் திறன் தெரிந்துவிடும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே வந்தாலும் வட்டத்துக்கு வெளியே மை போகக் கூடாது.

சொன்னேன். அப்பா யோசித்தார்.

"அப்ப இந்த யவனருங்களைப் பேச்சுப் போட்டிக்கு வச்சுக்கலாமா சார்?"