புகையிலையே, உன் கொடை பெரிது

புகையிலையே, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் உன்னைப் போல் ஏழையை மறவாத பொருள் வேறு இல்லை. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டுகள் உண்டு; நீ வந்து சேராத நாள் கிடையாது. தெற்கே வேதாரண்யத்து மணலில் விளைந்தும் வருவாய், எங்கோ சுற்றிய பீடியாகவும் வருவாய். கட்டு வாங்கக் காசில்லாதவனுக்கு ஒற்றைப் பீடியாகப் பிரிந்து கொடுக்கிறாய். இந்தத் தாராளம் அரிசிக்கு இல்லை, பருப்புக்கு இல்லை.

பண்ணைக் காலத்திலேயே உன் ஊழியம் தொடங்கிவிட்டது. நெல்லை அளக்கும்போது கை சுருங்கியவர்கள், வெற்றிலை பாக்கோடு உன்னை நீட்டும்போது சுருங்கவில்லை. காரணம் எளிது. அரை மரக்கால் கூட அளந்தால் பத்தாயத்தில் நெல் குறையும்; ஒரு துண்டுப் புகையிலை கொடுத்தால் ஆளுக்குப் பசி குறையும். நிகோடின் பசியை மந்தமாக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே அது களத்துமேட்டுக்குத் தெரிந்திருந்தது. பண்ணையாளுக்குத் தண்டனையாக வாயில் ஊற்றிய சாணிப்பாலையும் முதுகில் விழுந்த சவுக்கடியையும் எதிர்த்துப் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் போராடினார், அவர் நினைவிடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு போயிற்று, சாணிப்பால் போயிற்று. உன்னை எதிர்த்து மட்டும் யாரும் கொடி பிடிக்கவில்லை. நீ அடிக்கவில்லையே, ஆறுதலாக அல்லவா இருந்தாய்!

இன்றைக்கும் ஓய்வு வாங்கித் தருவது நீதான். உச்சி வெயிலில் வரப்பில் சும்மா குந்தினால், "என்னப்பா, குந்திட்டே?" என்று குரல் வரும். "ஒரு பீடி குடிச்சிட்டு வந்துர்றேங்க" என்றால் குரல் அடங்கும். முதுகு வலிக்கிறது என்று சொன்னால் கிடைக்காத பத்து நிமிடம், உன் பெயரைச் சொன்னால் கிடைக்கிறது. தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் தொழிற்சங்க வேலையைச் செய்கிறாய்.

பெண்களிடம் உன் பண்பு இன்னும் உயர்வு. பீடி பெண்ணுக்கு ஆகாது என்று ஊர் விலக்கியது. நீ மனம் கோணாமல் போயிலைத் துண்டாகிச் சுருக்குப்பைக்குள் போய் உட்கார்ந்தாய். சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவள் உன்னைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, பல்வலி தெரியாது. அதே கன்னத்தில் வெள்ளைப் படலம் படரும்போதும் வலிக்காமல் பார்த்துக்கொள்கிறாய். ஆறாத புண்ணைக் காட்டத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். ஆகவே நடவு முடியட்டும் என்கிறாள், அப்புறம் களையெடுப்பு முடியட்டும் என்கிறாள். அவள் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளையும் நீ வீணாக்குவதில்லை. பிறவிப் பிணிக்கு மருந்தான பிறவி மருந்தீஸ்வரர் கோயில் கொண்ட ஊரில், இந்தப் பிணிக்கு வயலைத் தேடி வந்து வாயைத் திறந்து பார்க்க ஒருவர் இல்லை.

மரியாதைக்கும் நீயே முன் நிற்கிறாய். கல்யாண வீட்டுத் தட்டில் நீ, எழவு வீட்டுத் திண்ணையில் நீ, முனீஸ்வரன் படையலில் சுருட்டாக நீ. வேண்டாம் என்று கை காட்டுகிறவன், நீட்டியவரை மதியாதவன் ஆகிறான்.

உன்னைப் பற்றித் தெரியாமல் ஏமாந்தார்கள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். 2016-17இல் நாடு முழுதும் நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைத்தால் கடும் நோய் வரும் என்று 92.4 சதவீதம் பேர் சொன்னார்கள். சொல்லிவிட்டும் 28.6 சதவீதம் பேர் உன்னோடு இருந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முந்தைய கணக்கில் 16.2 சதவீதமாக இருந்தது 20 ஆக ஏறியது. பொட்டலத்தில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டதே, அதனால் உனக்கு என்ன குறை? கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒற்றைப் பீடியில் படம் கிடையாது. படிப்பு குறைந்தவன், கூலிக்குப் போகிறவன், கையில் மொத்தமாகக் காசு பார்க்காதவன் எல்லாரும் அந்த ஒற்றைப் பீடியைத்தான் வாங்குகிறார்கள்.

அரசும் உன் அருமை அறிந்தது. 2017-18இல் நீ தந்த நோய்க்கும் சாவுக்கும் நாடு கொடுத்த விலை 1,77,341 கோடி ரூபாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காரணம் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பெண்களின் கூலியை உயர்த்துவதைவிட உன் விலையைத் தணிப்பது சுலபம்தான். விலை ஏறினால் உன்னை முதலில் விடுகிறவன் ஏழை. பல நாடுகளில் கண்ட உண்மை இது. அப்படி அவன் விட்டுவிடாதபடி உனக்குக் காவலும் போட்டாயிற்று.