சர்வர் மேல் ஒரு பச்சைப் பாக்கெட்

இந்த வாரத் தபால்பையில் அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை. செல்போனும் செயற்கை அறிவும் வந்த பிறகு புராணம், தொன்மம், சின்னம் எல்லாம் என்ன ஆயின என்று வாசகர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் குடைந்திருக்கிறார்கள். பதிலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி (வாசகர், ஈரோடு): வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்துவிட்டது. இனி தொன்மங்களுக்கு மியூசியத்தில்தானே இடம்?

மியூசியம் போகிற வழியில் சென்னை பல்லவன் சாலையில் கொஞ்சம் இறங்கிக்கொள்ளலாம். அங்கே பாடிகாட் முனீஸ்வரன் இருக்கிறார். ஷோரூமை விட்டு வெளியே வரும் புது வண்டிகள் பல, நேரே அவர் முன்னால்தான் வந்து நிற்கின்றன. உள்ளே ஆறு ஏர்பேக், தானாகப் பிரேக் போடும் சென்சார், வழி சொல்லும் திரை. வெளியே நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். சூடம் காட்டி, வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்த பிறகுதான் வாங்கினவருக்கு மூச்சு வருகிறது. சாமிக்குச் சுருட்டும் சாராயமும் படையல் உண்டு. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்ற சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் ஓட்டுவதில்லை.

ஊர் எல்லையில் மண் குதிரைகளோடு நின்ற காவல் தெய்வ மரபு, பட்டணத்துக்கு வந்ததும் இங்கிலீஷில் ஒரு பட்டப்பெயரும் வைத்துக்கொண்டு, குதிரைத்திறனுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டது. செத்துப்போன எதுவும் இப்படி வேலை மாற்றிக்கொள்ளாது.

கேள்வி (வாசகி, திருநெல்வேலி): அதெல்லாம் டிரைவர், மெக்கானிக் சமாச்சாரம். ராக்கெட் விடுகிறவர்கள் இப்படியா இருக்கிறார்கள்?

இதைவிட மோசம்! அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி நிலாவுக்கென்று தொடங்கிய ரேஞ்சர் விண்கலங்களில் முதல் ஆறும் வரிசையாகச் சொதப்பின. 1964 ஜூலையில் ஏழாவது கிளம்பியபோது, பதற்றத்தைக் குறைக்க ஒரு பொறியாளர் கட்டுப்பாட்டு அறையில் வேர்க்கடலையைச் சுற்றுக்கு விட்டார். ரேஞ்சர் 7 நிலாவில் மோதுவதற்குள் 4,308 படங்களை அனுப்பிவிட்டது. பிறகென்ன, முக்கியமான ஏவுதலோ தரையிறக்கமோ எதுவானாலும் அந்த அறையில் கடலை உண்டு. 2013இல் மங்கள்யான் கிளம்பும் முன் இஸ்ரோவுக்கு வாழ்த்துச் சொன்ன அந்த லேபரட்டரிக்காரர்கள், கடலையை மறந்துவிட வேண்டாம் என்றும் நினைவூட்டினார்கள். நம்மூரில் கடலை போடுவதற்கு வேறு அர்த்தம். அங்கே அது பணி ஒழுங்கு.

ரஷ்யக் கதை இன்னும் ருசி. 1961இல் யூரி ககாரின் ஏவுதளத்துக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி, பின்சக்கரத்தில் அவசரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்பது வழக்கு. பின்னால் வந்த ஆண் வீரர்கள் பல பத்தாண்டுகளாக அதே சடங்கைத் தவறாமல் செய்து வந்தார்கள். பறப்பதற்கு முன்பு ‘பாலைவனத்தின் வெள்ளைச் சூரியன்’ என்ற 1970ஆம் ஆண்டுப் படத்தையும் பார்த்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். ஆனால் ககாரின் கிளம்பிய அதே பைக்கனூர் ஏவுதளத்தில் அக்டோபர் 24 அன்று ராக்கெட் விடுவதில்லை என்ற வழக்கத்துக்குச் சிரிப்பு வராது. 1960இல் அந்தத் தேதியில் ஏவுமேடையிலேயே ஏவுகணை தீப்பிடித்து வெடித்து, சோவியத் ராணுவத்தின் மார்ஷல் நெடெலின் உட்பட ஏராளமானோர் கருகினார்கள். 1963இல் அதே தேதியில் இன்னொரு தீ விபத்து, மறுபடியும் உயிர்ப்பலி. அதை மூடநம்பிக்கை என்பது அநியாயம். அது திதி.

இஸ்ரோவைக் கேட்கிறீர்களா? ராக்கெட்டின் சிறு மாதிரி ஒன்று திருப்பதி போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவது ஊரறிந்த விஷயம். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2009 ஏப்ரலில் பறந்தது பிஎஸ்எல்வி சி12. அடுத்து செப்டம்பரில் பறந்தது சி14. நடுவில் ஒருத்தரைக் காணோம். ராகுகாலம் சொந்தச் சரக்கு. 13 அப்பட்டமான இறக்குமதி.

கேள்வி (வாசகர், மதுரை): இவ்வளவு படித்தவர்களுக்கு ஏன் இந்தப் பயம்?

மாலினோவ்ஸ்கி என்றொரு மானிடவியலாளர், முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் போய்த் தங்கினார். தீவுக்காரர்கள் கரையோர உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் சொல்வதில்லை, ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் சடங்கு மேல் சடங்கு செய்கிறார்கள் என்று எழுதி வைத்தார். தொழில் தெரியாதவர்கள் இல்லை. படகு கட்டத் தெரியும், காற்றின் போக்கு தெரியும். தெரிந்ததையெல்லாம் செய்து முடித்த பிறகும் மிச்சம் நிற்கிற ஆபத்துக்குத்தான் மந்திரம்.

ராக்கெட் அறையிலும் அதே கதைதான். கவுண்ட்டவுன் முடிந்து நெருப்பு பற்றிக்கொண்டால் பொறியாளர் கைக்கு வேலை கிடையாது. சும்மா கிடக்கிற கைக்குக் கடலை. கால்குலேட்டரைப் பாருங்கள், பாவம். ஏழும் எட்டும் பதினைந்து என்று ஒருநாளும் தப்பாமல் சொல்கிறது. அதனாலேயே ஆயுத பூஜை போக மற்ற 364 நாளும் அதை யாரும் கும்பிடுவதில்லை.

கேள்வி (வாசகர், காரைக்குடி): மெஷினுக்குள் பேய், பூதம் உண்டா?

உண்டு. பின்னணியில் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் நிரல்களுக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயரே ‘டீமன்’. 1960களில் எம்ஐடியில் வைத்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தின் நினைவாக. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் போனுக்குள் சில டீமன்கள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முந்தியவை ‘கிரெம்லின்’கள். விமானத்தில் காரணம் புரியாத கோளாறு என்றால் இந்தக் குட்டிச்சாத்தான்களின் வேலை என்றார்கள் பிரிட்டிஷ் விமானப்படையினர். அந்தப் படையில் விமானியாக இருந்த ரோல்டு டால் 1943இல் அவற்றை வைத்துக் குழந்தைகளுக்குப் புத்தகமே எழுதிவிட்டார்.

கேள்வி (வாசகி, புதுச்சேரி): விரலால் தேய்க்கிற ஐகான்களுக்குப் பின்னால் ஏதாவது கதை இருக்கிறதா?

புளூடூத் குறியைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர் ‘நீலப்பல்’. சிதறிக் கிடந்தவர்களை ஒன்று சேர்த்தவர் என்பதால், வெவ்வேறு கருவிகளைச் சேர்த்து வைக்கும் நுட்பத்துக்கு அவர் பெயர். அந்தக் குறியும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பழைய ரூன் வரிவடிவத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதுதான். ஒரு ராஜாவின் முத்திரையை ஊரே காதில் மாட்டிக்கொண்டு திரிகிறது, ராஜா யாரென்று கேட்பாரில்லை.

சேமிக்கும் பொத்தானில் இருப்பது ஃபிளாப்பி. சோனி அதன் விற்பனையை 2011இல் முடித்துக்கொண்டது. அதன் கொள்ளளவு 1.44 எம்பி, இன்றைய போனில் எடுத்த படம் ஒன்றுகூட அதில் அடங்குவது சந்தேகம். மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டதுபோல நாம் அதற்குத் திரையில் கல் நட்டு வைத்திருக்கிறோம். அது என்ன கல் என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆனால் தொட்டால் காரியம் நடக்கும் என்று தெரியும்.

ஆப்பிள் விஷயம் நேர் எதிர். கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1954இல் இறந்தபோது படுக்கையருகே கடித்த ஆப்பிள் கிடந்தது. அந்தக் கடிதான் சின்னத்தில் இருக்கிறது என்ற கதை உலகெங்கும் சுற்றுகிறது. 1977இல் அதை வரைந்த ராப் ஜனாஃப், அப்படி எதுவும் இல்லை, செர்ரிப்பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் கடி வைத்தேன் என்று சொல்லிவிட்டார். கேட்பார் யார்? வரைந்தவரே மறுத்தும் சாகாத கதைக்குத் தொன்மம் என்றுதான் பெயர்.

கேள்வி (வாசகர், திருச்சி): ஏஐ கடவுள் ஆகுமா?

கடவுள் கேட்ட கேள்விக்கே பதில் சொல்வதில்லை. ஏஐ கேட்காததற்கும் சொல்கிறது. குணம் பொருந்தவில்லை.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): ‘கிளவுடில் இருக்கிறது’ என்கிறான் பையன். மேகத்திலா?

கடலில் தேடச் சொல்லுங்கள். சென்னைக் கரையில் வந்து ஏறும் கடலடிக் கேபிள்கள் வங்காள விரிகுடாவின் தரையில் கிடக்கின்றன. நாம் அனுப்பும் செய்திகளில் பல அவற்றின் வழியாகத்தான் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் போகின்றன. மேகம் வந்தது வரைபடத்திலிருந்து: உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டத் தேவையில்லாத வலைப்பின்னலை ஒரு மேகமாக வரைவது பொறியாளர்கள் வழக்கம். காளிதாசனின் யட்சன் மேகத்தைத் தூது விட்டான், வாடகை கேட்கவில்லை. நமக்கோ ‘இடம் நிறைந்துவிட்டது’ என்று மாதம் தவறாமல் செய்தி வருகிறது.

இந்த வாரப் பட்டியலில் பதிலாளருக்குப் பிடிக்காத தொன்மம் இது ஒன்றுதான். கடலையும் எலுமிச்சையும் பயந்த மனிதர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துக்கொண்டவை. மேகமோ விற்கப்பட்டது. ஏக்கர் கணக்கில் கான்கிரீட் கட்டிடம், அதைக் குளிரவைக்க மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பஞ்சுப் படம் மறைத்துவிடுகிறது.

கேள்வி (வாசகர், கோவை): பழைய சாமி, பழைய ராஜா வேண்டாம். இந்தக் காலத்துப் பொறியாளர்களே உண்டாக்கிய சடங்கு ஒன்று சொல்லுங்கள்.

தைவான். உலகின் அதிநவீன சிப்புகளில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது. அந்த ஊரில் சர்வர் மேலும் ஆலை இயந்திரத்தின் மேலும் மளிகைக்கடையில் கிடைக்கும் ஒரு தின்பண்டப் பாக்கெட் உட்கார்ந்திருக்கும். பெயர் ‘குவாய் குவாய்’. சமர்த்தாக இரு என்று பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரியான சொல். ஆகம விதிகளும் உண்டு. பாக்கெட் பச்சை நிறமாகத்தான் இருக்க வேண்டும், அதாவது தேங்காய் ருசி. பச்சை விளக்கு எரிந்தால் மெஷின் ஓடுகிறது என்று பொருள். மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பிரித்துத் தின்னக் கூடாது. காலாவதித் தேதி தாண்டினால் சக்தி போய்விடும், புதுப் பாக்கெட் வைக்க வேண்டும். வைக்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் வைக்கிறார்கள். ஆனால் எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் ஆபீசிலோ பட்டறையிலோ மெஷின் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பதிலாளருக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது மென்பொருளை ஏற்றக் கூடாது என்பதை மட்டும் எழுத வேண்டாம். அது நம்பிக்கை இல்லை, பட்டறிவு.