குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மொய் மரபு

குடும்ப வாட்ஸ்அப் குழு என்பது பங்காளி வகையிலோ கொண்டு கொடுத்த வகையிலோ உறவான பலர் ஒரே திரையில் நாள்தோறும் தலைகாட்டுவதற்கான ஏற்பாடு. செய்தி சொல்லிக்கொள்வதற்கே இது உண்டானது என்றொரு கருத்து நிலவுகிறது. அது சரியன்று. ஒரு நாளில் குழுவில் விழும் பதிவுகளிலிருந்து செய்தி என்று சொல்லத்தக்கதைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தையும் சம்பந்தப்பட்டவர்கள் போனில் முன்பே பேசி முடித்திருப்பார்கள். குழுவில் நடப்பது மொய். வைத்தவர் பெயர் பதிவாகிறது. வைக்காதவர் பெயர் அதைவிட அழுத்தமாகப் பதிவாகிறது. வாங்கிக்கொண்டவர் திருப்பிச் செய்யக் கடமைப்படுகிறார். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு வழக்கு புதிதல்ல. அங்கே நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். இங்கே அவர் வேலையைச் செயலியே பார்த்துக்கொள்கிறது.

செயலியின் வரலாறும் இதற்கு இடம் தருகிறது. யாஹூவில் முன்பு வேலை பார்த்த ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரின் பெயரோடு 2009-இல் தொடங்குகிறது வாட்ஸ்அப். கூம் முதலில் எண்ணியது செய்தி அனுப்பும் செயலியை அன்று. பெயருக்குப் பக்கத்தில் ‘வேலையாக இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்பன போன்ற நிலவரத்தைக் காட்டும் ஒன்றை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே மூலக் கேள்வி. பிற்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் செயலியை அந்த மூல நோக்கத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தன.

குழு தானாகத் தோன்றுவதில்லை. அதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டும். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், பழனிக்கு வேன் பிடித்துப் போன பயணம் ஆகியவை வழக்கமான காரணங்கள். வேன் வாடகையைப் பங்கு போடத் தொடங்கிய குழு, வாடகை தீர்ந்த பிறகும் கலைவதில்லை. ‘பழனி ட்ரிப்’ என்ற பெயர் நீங்கி, தாத்தாவின் பெயரோடு ‘ஃபேமிலி’ என்ற சொல் சேர்ந்து புதுப் பெயர் உண்டாவதே குழு நிலைபெற்றதற்கு அடையாளம். முகப்புப் படத்தில் எல்லோரும் நிற்பார்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். படத்தை மாற்றும்படி அவர் ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். உறுப்பினர் உச்சவரம்பு 2016-இல் 256 ஆகவும், 2022-இல் முதலில் 512 ஆகவும், அவ்வாண்டு இறுதிக்குள் 1024 ஆகவும் உயர்ந்தது. பங்காளிகளை மட்டும் கணக்கில் கொண்டால் பழைய வரம்பே தாராளம். சம்பந்தி வகையறாவையும் சேர்க்க முற்பட்ட குடும்பங்களுக்கே புதிய வரம்பு பயன்படுகிறது.

குழுவின் தலைமைப் பொறுப்பு அட்மினுடையது. இது வயதாலோ தகுதியாலோ வருவதன்று. அன்றைக்கு வேனில் யார் போனில் சார்ஜ் இருந்தது என்பதைப் பொறுத்தது. எனவே கல்லூரி படிக்கும் பேரன் அட்மினாகவும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான பெரியப்பா சாதாரண உறுப்பினராகவும் இருக்கும் நிலை ஏற்படுகிறது. பெரியப்பா கேட்கும் வரையில்தான் இது நீடிக்கும். அட்மின் பதவிக்குச் சட்ட அச்சமும் உண்டு. உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டியதில்லை என்ற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. சித்தி போட்ட சாம்பார் பொடி விளம்பரத்துக்கு அத்தை கேட்கும் கேள்விகளிலிருந்து அட்மினைக் காக்க இந்த உத்தரவு போதாது.

மொய்களுள் தலையாயது காலை வணக்கம். இது விடியலுக்கு முன்பே தொடங்கும். முதலில் வைப்பவர் பெரும்பாலும் சர்க்கரைக்கு நடைப்பயிற்சி போகிறவர். கிளம்பும் முன் ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். படம் கிழமையைப் பொறுத்து அமையும். செவ்வாய்க்கு முருகன், வியாழனுக்குச் சாய்பாபா, வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள் அல்லது ஆஞ்சநேயர். கிறிஸ்தவக் குடும்பங்களில் தினம் ஒரு வசனமும், இஸ்லாமியக் குடும்பங்களில் வெள்ளிதோறும் ஜும்மா வாழ்த்தும் இந்த இடத்தில் வரும். ஏனைய நாட்களுக்குப் பனித்துளி ரோஜாவும் ஆவி பறக்கும் காபிக் கோப்பையும் பொது. படத்தில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. ‘இனிய திங்கள் காலை வணக்கம்’ என்ற படம் புதன்கிழமை வந்து, அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பிப் போவது எந்தக் குழுவிலும் காணக் கிடைப்பதே.

இந்த மொய்க்கு இடவாடகை உண்டு. இந்தியர்களின் போன்கள் ஏன் அடிக்கடி நிரம்பித் திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள் நிறுவனத்தார், காலை வணக்கப் படங்களைக் காரணமாகக் கண்டறிந்தது 2018 ஜனவரியில் உலகச் செய்தியானது. அதற்குச் சற்று முன்பு, 2017 டிசம்பரில், அந்நிறுவனம் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலிக்கு இத்தகைய படங்களைத் தேடிப் பிடித்து ஒழிக்கும் வேலையும் கற்றுத் தரப்பட்டது. வாட்ஸ்அப்பிலேயே கைவைத்தியம் இருக்கிறது. அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’ பகுதிக்குப் போய், படமும் காணொளியும் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். குழுவின் விவரப் பக்கத்தில் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்தால், இறங்கிய படங்கள் கேலரிக்குள் வராது; அலுவலகத்தில் மேலாளருக்கு ரசீதைக் காட்டப் போன இடத்தில் பதினெட்டு முருகன்களைத் தள்ளிவிட்டுத் தேட வேண்டியிராது. பலமுறை பகிரப்பட்டவற்றையும் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும் தனியே திரட்டிக் காட்டும் பகுதியும் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’விலேயே உண்டு. அழிக்கும்போது பேரக்குழந்தையின் படமும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது அழிப்பவர் பாடு.

மொய் நோட்டு என்று இங்கே சொல்லத்தக்கது டிக் குறி. நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. தனி உரையாடலில் அதை அணைத்துவைக்கலாம். குழுவில் அணைக்க வழியில்லை. குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகே இரண்டாம் டிக் விழும். எல்லோரும் பார்த்த பிறகே நீலமாகும். ஊரில் ஆச்சியின் போன் சார்ஜ் இல்லாமல் பீரோ மேல் கிடக்கும்வரை, அந்தக் குடும்பத்தில் எவர் பதிவும் நீலமாவதில்லை. இதைக் கண்டு ‘யாருமே பார்க்கவில்லை’ என்று வருந்துவோர் உண்டு. விவரம் அறிந்தவர்கள் தம் பதிவை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’வைத் திறப்பார்கள். யார் எத்தனை மணிக்குப் பார்த்தார் என்ற முழுக் கணக்கும் அங்கே இருக்கும். மகனின் நீட் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, நாத்தனார் அதை 9.14-க்குப் பார்த்தும் பேசாமல் இருந்ததை அறிந்துகொள்வது இப்படித்தான். தடயம் விடாமல் படிக்க விரும்புவோர் அறிவிப்புப் பட்டையிலேயே படித்துவிட்டு உள்ளே போகாமலிருப்பர். நீண்ட பதிவானால் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ள நேரும். அதுவே பெரும்பாலும் போதுமானது.

மொய் வைக்கும் கருவிகளுள் கைகூப்பும் படத்துக்கு ஈடில்லை. 2010-இல் யூனிகோடு பட்டியலில் இடம்பெற்ற இது, 2022 மே மாதம் வாட்ஸ்அப் எதிர்வினைக் குறிகளைத் தந்தபோது முதல் ஆறில் ஒன்றாகவும் அமைந்தது. வணக்கம், நன்றி, ஆழ்ந்த இரங்கல், சாமி காப்பாத்து, இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள் ஆகிய ஐந்து பொருளுக்கும் இது ஒன்றே. அதனாலேயே இது பாதுகாப்பானது. கட்டைவிரல் அப்படியன்று. ‘அத்தைக்கு ஆபரேஷன் நாளைக்கு’ என்ற பதிவின்கீழ் கட்டைவிரலை உயர்த்திய மாப்பிள்ளைகளுக்கு அடுத்த தீபாவளிவரை விளக்கம் சொல்லும் வேலை இருக்கும்.

இந்த முறை தடம் புரள்வது இழவுச் செய்தியின்போது. விடியற்காலை 5.40-க்கு ஒருவர், பெரிய பாட்டி தவறிவிட்ட செய்தியைப் போடுகிறார். 5.52-க்கு நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் சித்தப்பா, மேலே என்ன இருக்கிறதென்று பாராமல், ‘இந்த நாள் மகிழ்ச்சி பொங்கட்டும்’ என்று ரோஜாவை வைத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2017-இல் வந்தபோது அவகாசம் ஏழு நிமிடம். 2022 ஆகஸ்டில் அது இரண்டு நாளுக்கு மேல் நீண்டது. ஆனால் அழித்த இடத்தில், பதிவு அழிக்கப்பட்டது என்ற அறிவிப்பு நிற்கும். ரோஜாவைக் கவனிக்காதவர்கள் அறிவிப்பைக் கவனிப்பார்கள். ‘என்ன சித்தப்பா டெலிட் பண்ணிட்டீங்க?’ என்று துபாயிலிருந்து கேள்வி வரும். அதற்குள் வேறொருவர் ரோஜாவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சித்தப்பா இல்லாத இன்னொரு குழுவில் வைத்திருப்பார்.

பிறந்தநாள் மொய்யில் சிக்கல் குறைவு. முதலாமவர் தட்டெழுதியதை மற்றவர்கள் நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அவர் செய்த எழுத்துப் பிழையும் குறையாமல் இறங்கி வரும். வாழ்த்துப் பெற்றவர் மாலையில் ஒரே பதிவாக எல்லோருக்கும் நன்றி சொல்வது கணக்கை முடிக்காது. யார் யார் வாழ்த்தினார் என்பதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பகிரப்பட்ட செய்தி மொய்யில் கள்ள நோட்டுக்கு நிகர். 2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய் நோட்டில் செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் சிப் இருப்பதாகக் குடும்பக் குழுக்கள் அறிவித்தன. அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் அறிவித்த நாள்வரை எவரும் சிப்பைக் காணவில்லை. இவ்வகை எல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கன அல்ல. பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்ற வதந்தியால் 2018-இல் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே அவ்வாண்டு ஜூலையில் ‘ஃபார்வேர்டட்’ என்ற முத்திரையும், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாத வரம்பும் வந்தன. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்ததற்கு இரட்டை அம்புக்குறி இடப்படும். 2020 ஏப்ரல் முதல் அத்தகையதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கே அனுப்பலாம். மாமா அந்த ஒரு இடமாகக் குடும்பக் குழுவைத் தேர்ந்துகொண்டார். சந்தேகம் வந்தால் குழுவில் வைத்து மறுப்பதைவிடத் தனியே சொல்வது நல்லது. பொது இடத்தில் திருத்தப்பட்ட மாமா அடுத்து மூன்று பகிர்வுகளை ஆதாரமாக வைப்பார்.

கடைசி வழி வெளியேறுதல். முன்பெல்லாம் இன்னார் விலகினார் என்று குழு முழுதும் அறிவிப்பு வரும். 2022 ஆகஸ்டில் அறிவித்த மாற்றத்தின்படி அட்மினுக்கு மட்டும் தெரியும். எனவே மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். விலகியவர்களின் பட்டியல் 60 நாள்வரை குழுவில் காணக் கிடைக்கும். தன்னைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி 2019-இல் வந்தது. அதில் அட்மினின் பெயரை விலக்கிவைத்தால், நேரே சேர்க்க இயலாமல் தனி அழைப்பு அனுப்பும்படி செயலி அவரிடம் சொல்லும். தாம் விலக்கப்பட்டிருப்பதை அவர் அறிவது அந்த நொடியில்தான்.

ஆகவே அனுபவசாலிகள் விலகுவதில்லை. 2020 அக்டோபர் முதல் குழுவை நிரந்தரமாக மௌனமாக்கலாம். 2021 ஜூலை முதல் ஆர்க்கைவ் செய்த குழு, புதுப் பதிவு வந்தாலும் அங்கேயே கிடக்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய், பிறந்தநாளுக்கும் இழவுக்கும் விடுபட்ட மொய்யை வைத்துவிட்டு வெளியே வருவது நடைமுறையில் உள்ள வழக்கம். ஆர்க்கைவ் செய்த குழுவில், செய்தவரின் பெயரைச் சுட்டி அழைத்தாலோ அவருடைய பழைய பதிவுக்கு மறுமொழி இட்டாலோ மட்டும் மணி அடிக்கும். அத்தைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.