எட்டுக் கிலோ கிறிஸ்துமஸ்

வான்கோழி வளர்ப்பவனுக்கு வருஷம் டிசம்பர் 25-இலிருந்து பின்னோக்கிப் போகும். அன்றைக்கு விற்க வேண்டுமென்றால் ஜூனிலாவது குஞ்சு இறக்க வேண்டும். முட்டை பொரியவே 28 நாள். பாளையங்கோட்டைப் பக்கம் அது ஆனி, ஆடிக் காற்றுக் காலம். குண்டு பல்பின் சூட்டில் குஞ்சுகளை ஒண்ட வைத்தால் காற்றுக்குக் கரண்ட் போய்விடும். கரண்ட் வந்தால் தார்ப்பாய் போய்விடும்.

குஞ்சுக்குச் சாப்பிடவே சொல்லித்தர வேண்டும். பார்வை மந்தம், காலடியில் தீவனத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். தட்டில் பச்சைக் கோலிக்குண்டு நாலைப் போட்டு வைப்போம். மினுக்குகிறதே என்று அதைக் கொத்தப் போய், அலகு வழுக்கித் தீவனத்தில் விழும். அப்படித்தான் ருசி பிடிபடும். அவித்த முட்டையைப் பிசைந்து ஊட்டுவதும் உண்டு. பெற்ற பிள்ளைகளுக்கு நான் ஒரு வாய் ஊட்டியதில்லை என்று வீட்டுக்காரி தொடுத்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வளர்ந்தபின் மேய விட்டால் தீவனச் செலவு ஏறக்குறையப் பாதியாகும். குதிரைமசால், வேலிமசால், அறுகு, வெட்டுக்கிளி, எதற்கும் முகம் சுளிக்காது. நாட்டுக்கோழி திரியும் இடத்தில் மட்டும் விடக் கூடாது. கோழி சுமந்துகொண்டு சுகமாக உலாத்தும் ஒரு கிருமி, வான்கோழியின் ஈரலை அரித்துவிடும்.

சேவல் தோகை விரித்தால் தலை நீலம் பாய்ந்து, தாடை சிவந்து, அலகின்மேல் ஒரு சதைக்கயிறு நீண்டு தொங்கும். பார்க்க வருகிற அத்தனை பேரும் உடனே மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று ஔவையாரை இழுப்பார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பறவை, 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்தப் பக்கம் தலை காட்ட வழியே இல்லை. பாட்டி திட்டியது வேறு ஏதோ கோழியை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சத்தம் எதுவானாலும் பதில் சொல்லாமல் வான்கோழிக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் ஹாரன், இடி, வேட்டு, எல்லாவற்றுக்கும் சேவல்கள் கூட்டமாகக் களகளக்கும். கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டு பாடின. பாடகர் குழுத் தலைவர் பாதியில் நிறுத்தி, கேக் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வளர்ப்பதையாவது செய்துவிடலாம். விற்பதுதான் கஷ்டம்.

“அண்ணாச்சி, ரெண்டு கிலோல சின்னதா ஒண்ணு கெடைக்குமா?”

“இருந்துச்சு. ஆகஸ்ட்ல.”

டிசம்பரில் சேவல் எட்டுக் கிலோ நிற்கிறது. கேட்கிறவர் வீட்டில் இருப்பது மூன்று லிட்டர் குக்கர். ஆட்டுக்குச் செய்கிற மாதிரி நாலு வீடு சேர்ந்து கூறு போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே வழி சொன்னேன். சேர்ந்தார்கள். பணமும் வந்தது. வெட்டி முடித்தபின்தான், வீடு நாலு, கால் ரெண்டு என்று கண்டுபிடித்தார்கள். ஆட்டில் இந்தச் சிக்கல் இல்லை. தகராறு புத்தாண்டு வரை போனது. அடுத்த வருஷத்துக்கு அந்த நாலு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக வந்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், காலுக்கு மட்டும்.