புரோக்கர்கள் மன்னிக்கவும்

கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கும். 'வீடு விற்பனைக்கு. உரிமையாளரிடம் நேரில் பேசவும். புரோக்கர்கள் மன்னிக்கவும்.' கடைசி வரிக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட். உள்ளே இருப்பவருக்கு நேரடியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நங்கநல்லூர், குரோம்பேட்டை, மேற்கு மாம்பலம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர், மகன் வெளிநாட்டில். மாடி ஏற முழங்கால் மறுக்கிறது. லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்குப் போய்விடலாம் என்று வீட்டம்மா சொல்ல ஆரம்பித்துப் பல வருஷமாகிறது.

பலகை ஏறிய அன்றே போன் ஓயாமல் அடிக்கும். அத்தனை பேரும் புரோக்கர்கள். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டு, "பரவால்ல சார், பார்ட்டி ரெடியா இருக்கு" என்பார்கள்.

நேரடியாரின் கணக்கு எளிது. வீடு ரெண்டு கோடி. ஒரு சதவீதக் கமிஷன் என்றால் 2 லட்சம். "எதுக்கு? கதவத் தொறந்து காட்டுறதுக்கா? அத நானே தொறக்க மாட்டேனா?" முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசாங்கம் வாங்குவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது வாங்குகிறவன் பாடு. இந்த 2 லட்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆகவே விளம்பரம் அவரே எழுதுகிறார், படமும் அவரே எடுக்கிறார். ஹால் படத்தில் காயப்போட்ட வேட்டி. சமையலறைப் படத்தில் திரும்பிப் பார்த்து முறைக்கும் மனைவி.

கதவைத் திறந்து காட்டுவதோடு நிறுத்தியிருந்தால் வீடு எப்போதோ கைமாறியிருக்கும். அவர் கதவின் பிறப்பிலிருந்து ஆரம்பிப்பார். "பர்மா தேக்கு சார். 1986-ல நானே கடைக்குப் போய் நின்னு அறுத்து வாங்கினது. தட்டிப் பாருங்க." வந்தவர் தட்டுவார். "இன்னும் கொஞ்சம் பலமா." கதவு முடிந்து ஜன்னலுக்கு வருவதற்குள் காபி ஆறிவிடும். ஜன்னலுக்கும் ஒரு ஆசாரி உண்டு, அவருக்கும் ஒரு கதை உண்டு.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "2015 வெள்ளத்துல தண்ணி வந்துச்சா சார்?" புரோக்கராக இருந்தால் "மேட்டுப் பகுதி சார்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்கு நகர்ந்திருப்பார். (உண்மையா என்பது வருகிற டிசம்பரில் தெரியும்.) நேரடியார் சத்தியசந்தர். வாசலுக்கு அழைத்துப்போய், மூன்றாம் படியில் தேதியோடு போட்டு வைத்திருக்கும் கோட்டைக் காட்டுவார். "உள்ள வரல சார். வந்துருமோன்னு பீரோவ மாடிக்கு ஏத்தினோம், அவ்வளவுதான்." வந்தவரின் மனைவி அதற்குள் செருப்பை மாட்டியிருப்பார்.

பத்திரம் பார்க்க வேண்டுமா? முதலில் உங்கள் ஆதாரைக் காட்ட வேண்டும். பிறகு ஜெராக்ஸ் வரும். அதுவும் அவர் கையிலேயே இருக்கும், நீங்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 1975-இலிருந்து வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதைத் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பட்டாவில் இன்னும் மனையை விற்றவர் பெயரே இருக்கிறது. மூலப்பத்திரத்தை, பூச்சி அரிக்காமலிருக்க, லாமினேட் செய்து வைத்திருக்கிறார். வக்கீல்கள் தலையில் கைவைத்துக்கொள்ளும் இடம் இது.

இத்தனையும் தாண்டி ஒருவர் விலை பேசும் அளவுக்கு வந்தார். 50 லட்சமும் அதற்கு மேலும் போகிற சொத்துக்கு, வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும் என்று அவர் எடுத்துச் சொன்னார். 'ஒரு சதவீதம்' என்று காதில் விழுந்ததும் நேரடியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க புரோக்கரா?"

உண்மையான சிக்கல் வேறு. அந்தப் பகுதிகளில் பழைய வீட்டுக்கு யாரும் விலை போடுவதில்லை. சதுர அடிக் கணக்கில் மண்ணுக்குத்தான் காசு. மேலே நிற்பதை அகற்றுவது செலவுக் கணக்கில் சேரும். நேரடியாரோ பூஜை அறைக் கதவில் தொங்கும் வெண்கல மணிகளையும் சேர்த்து விலை சொல்லியிருக்கிறார். ஒரு இளைஞன் வெள்ளந்தியாக, "எப்படியும் இடிச்சிட்டுத்தான் அங்கிள் கட்டப்போறோம்" என்றான். வீட்டுக்குள் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நேரடியார், மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அமெரிக்காவில் அப்போது நடுநிசி.

தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் தரகருக்கு இதெல்லாம் தெரியும். அவருக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டியது பதிவான புதுத் திட்டங்களை விற்பதற்கு. நம்மவருடைய பெயர் டீக்கடைக் கடன் நோட்டில் மட்டும் பதிவாகியிருக்கிறது. பலகை வெயிலில் வெளுக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, ஒருநாள் "என் மச்சான் சார், வீடு தேடிட்டிருக்கார்" என்று ஒருவரைக் கூட்டிவந்தார். வரும் வழியிலேயே மச்சானுக்குப் பாடம்: "ஓனர் முன்னால ஜேசிபின்னு வாயத் தொறந்துடாதீங்க. கதவத் தட்டச் சொல்வார், தட்டுங்க." நேரடியாரிடம் தனியாக: "அந்தப் பூஜை ரூம் அவருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு சார்." பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தவரும் இவரே.

பத்திரம் பதிவானது. என் கையிலிருந்து ஒரு பைசா கமிஷன் போகவில்லை என்று நேரடியார் தெரு முழுக்கச் சொன்னார். மச்சான் கொடுத்தது பேரத்தில் முன்பே கழிந்திருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது? வீட்டம்மாவுக்குத் தெரியும். அவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது நேரடியார் லிஃப்ட் வைத்த ஃப்ளாட் தேடுகிறார். நாலைந்து இடம் பார்த்துவிட்டு வந்து, டீக்கடைக்காரரிடமே நம்பர் வாங்கித் தரகருக்குப் போன் போட்டார்.

"நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. ஓனர்ங்களோட என்னால ஆகலப்பா. ஒரு ஷெல்ஃபப் பத்தி அரை மணி நேரம் பேசறாங்க."

"பண்ணிடலாம் சார். ஒரு பர்சென்ட் ஆகும்."

"அரைன்னு வெச்சுக்கோங்களேன்?"