ஜெயித்த குதிரையா, தோற்ற குதிரையா?

கேள்வி: மகள் ஒரு வருஷமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை சல்லிசாகக் கிடைக்குமாம். வாங்கலாமா? (ஒரு தகப்பனார், மேனாம்பேடு)

பதில்: விலைதான் சல்லிசு, வயிறு சல்லிசில்லை. 450 கிலோ குதிரைக்குத் தினமும் ஒன்பது, பத்து கிலோ தீனி வேண்டும். லாடக்காரர் மாதாமாதம் வரவேண்டும். நாலைந்து வயதில் பந்தயத்தை விட்டது, இருபத்தைந்து வயதுவரை வாழும். உங்கள் பேத்தியும் அதில் ஏறலாம்!

ஆனால் மகள் இப்போதே ஏற வேண்டாம். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, அதில் சாய்ந்துகொண்டு ஓடத்தான் இந்தக் குதிரை பழகியிருக்கிறது. பயந்துபோன பிள்ளை நிறுத்துவதற்காக இழுத்தால், அது இன்னும் பறக்கும். முதலில் சில மாதம் ஓட்ஸைக் குறைத்து, மேயவிட்டு, உடம்பும் மனசும் தணிய வேண்டும். பிறகு தேர்ந்த பயிற்சியாளர் ஏறி, இழுத்தால் நிற்கப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்கள் மகள்.

கேள்வி: கோப்பை ஜெயித்த குதிரைதானே தடை தாண்டவும் தோது? (அம்பத்தூர் வாசகி)

பதில்: இல்லவே இல்லை. ‘டச் ஆஃப் கிளாஸ்’ என்ற அமெரிக்கப் பெண்குதிரை ஆறு பந்தயம் ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதுவே 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸைச் சுமந்து, தடை தாண்டலில் தனிநபர், குழு இரண்டிலும் தங்கம் வாங்கியது. தோற்றதா என்று கேட்காதீர்கள், ஏன் தோற்றது என்று கேளுங்கள். கால்வலியால் தோற்றதென்றால் யோசியுங்கள். வேகம் போதாமல் தோற்றதென்றால் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: தாத்தா சுழி பார்த்துத்தான் குதிரை வாங்குவார். நானும் பார்க்கட்டுமா? (பூந்தமல்லி வாசகர்)

பதில்: தாராளமாக, ஆனால் காலைப் பார்த்த பிறகு. முன்னங்கால் முட்டிக்குக் கீழே, பின்புறமாகக் கட்டைவிரலை வைத்து மெல்ல இறக்குங்கள். தசைநாண் வீணைத் தந்திபோல் விறைப்பாக, நேராக இருக்க வேண்டும். நடுவில் வில்லாகப் புடைத்திருந்தால் பழைய காயம். சுட்டால் புதுக் காயம். இரண்டு காலையும் தடவி ஒப்பிடுங்கள். பிறகு கல்தரையில் நடக்கவிட்டுக் காதைத் தீட்டிக் கேளுங்கள்: நாலு குளம்படியும் ஒரே சீராக விழ வேண்டும்.

கேள்வி: கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்ததே, குதிரைகள் கதி? (ஆவடி வாசகர்)

பதில்: என் கவலையும் அதுதான். 160 ஏக்கர் நிலத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. லாயத்தில் நிற்பவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை. எந்த ஊரில் பந்தயம் குறைந்தாலும் குதிரைகள் மொத்தமாக விலைக்கு வரும், தரகர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவரை விட்டுவிட்டு, தினமும் தீனி வைக்கிறவரிடம் பேசுங்கள். எது தீனியை மிச்சம் வைக்கிறது, எது உதைக்கிறது, எது தனியாக நின்றால் தவிக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மிச்சம் வைக்கிற குதிரைக்கு வயிற்றுப்புண் இருக்கலாம். பந்தயக் குதிரைகளுக்கு அது சகஜம், மருந்தில் ஆறும். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துத் தலையசைக்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.