அரவடைப்பு இலக்கணம், உரையுடன்

யானைக்கு நூல் உண்டு, குதிரைக்கு உண்டு, மனை கோலுவதற்கு உண்டு, பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்கும் உண்டு. வளர்க்கும் பாம்பை எதில் அடைப்பது என்பதற்கு மட்டும் தொல்லாசிரியர் ஒருவரும் சூத்திரம் செய்து வைக்கவில்லை. வளர்க்கும் எண்ணமே அவர்களுக்கு வரவில்லை போலும். அக்குறை தீர எழுந்தது இந்நூல். வழங்கும் எல்லை ஏற்காட்டு மலை: மேலே சேர்வராயன் கோயில், கீழே அடிவாரச் சோதனைச் சாவடி, நடுவே எங்கள் ஊர் வெள்ளக்கடை. கேட்போர்: பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்து, இனி வீட்டிலிருந்தே வேலை என்று பெட்டி படுக்கையோடும் ஒரு பாம்போடும் மலையேறி வந்துவிட்ட என் தம்பி மகன். பயன்: வீட்டம்மா இரவில் தூங்குவது.

நூல் நுதலிய பொருள் கார்ன் ஸ்நேக். வட அமெரிக்காவின் தென்கிழக்குச் சீமை அதன் சொந்த ஊர். சோளக் களஞ்சியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் இது வரும். கரோலினாவில் வைத்தியம் பார்த்த அலெக்சாண்டர் கார்டன் அனுப்பிய பாம்பைக் கொண்டு லின்னேயஸ் 1766-இல் அறிவியல் பெயர் சூட்டினார். நஞ்சு கிடையாது, இரையைச் சுற்றி நெரித்து விழுங்கும். ஆரஞ்சு உடம்பில் கறுப்பு விளிம்பு கட்டிய செந்திட்டுகள், அடிவயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். முட்டையை விட்டு வரும்போது ஒரு சாண். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி. அடைப்பில் 15, 20 ஆண்டுகள் உயிரோடிருக்கும். தம்பி மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு எழுதும்போதும் இது பெட்டிக்குள் இருக்கலாம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது வேறு நூலுக்குரியது.

*அடைப்பெனப் படுவது மூவகைத்து, அவைதாம்*
*பிடித்தோன் அடைப்பும் காண்போன் அடைப்பும்*
*கிடப்போன் அடைப்பும் எனப்பெயர் பெறுமே.*

இதன் பொருள்: உலகத்துப் பாம்படைப்பு எல்லாவற்றையும் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை வைத்து மூன்றாகப் பகுக்கலாம். என்ன பொருளால் செய்தது, என்ன விலை என்று பகுப்பாரும் உளர். அவர்கள் கடைக்காரர்கள்.

பிடித்தோன் அடைப்பு பானை, கூடை, பை, சூட்கேஸ் என நால்வகைப்படும். பானைக்கு இலக்கியம் வடநெம்மேலி. மாமல்லபுரம் போகும் வழியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானையில் மணல் பரப்பி அதில் வைக்கிறார்கள். பானை வாயில் பருத்தித் துணி போர்த்திக் கயிறு கட்டியிருக்கும். உள்ளே இருட்டு, மண்ணோட்டின் குளிர்ச்சி, எந்தப் பக்கம் திரும்பினாலும் உடம்பில் உரசும் சுவர். சில வாரம் வைத்து நஞ்செடுத்துக்கொண்டு காட்டிலே விட்டுவிடுவார்கள். நஞ்சுமுறி மருந்துத் தயாரிப்புக்கு வேண்டிய நஞ்சு பெருமளவும் இந்தப் பானைகளிலிருந்து போகிறது. அச்சங்கத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பிடித்தோன் வகையில் பாம்பின் மனம் தெரிந்து செய்தது இந்தப் பானை ஒன்றே என்பது என் துணிபு.

கூடை பிடாரனுடையது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மெல்ல வழக்கொழிந்தது. பை, வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் வருகிற தீயணைப்புத் துறையினரிடம் காண்க. சூட்கேஸைத் தனிவகையாகக் கொள்ளலாமா என்று சிலர் ஐயுறுவர். கொள்ளத்தான் வேண்டும், என்னை? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து எடுப்பார் இல்லாமல் கிடந்த இரண்டு பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது 45 பால் பைத்தான், 3 மார்மோசெட் குரங்கு, 3 நட்சத்திர ஆமை, 8 கார்ன் ஸ்நேக் இருந்தன. எல்லாவற்றையும் வந்த வழியே தாய்லாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பெட்டிக்குள் நான்கு கண்டத்து உயிர்களைக் கூட்டிவைத்தவன் வகைப்பாட்டியலில் நமக்கெல்லாம் மூத்தவன்.

காண்போன் அடைப்பு எளிது. ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் 1972-இல் கிண்டிக்கு வந்த பாம்புப் பண்ணையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காதவர் குறைவு. அது பார்ப்பதற்கென்றே ஆன இடம். குறை சொல்ல ஏதுமில்லை. அந்தக் கண்ணாடியை வீட்டுக்கு இழுத்து வந்ததுதான் தவறு. மீன் தொட்டி விற்கும் கடையில் கேட்டால் நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே நீல விளக்கு, உள்ளே பிளாஸ்டிக் செடி, ஓரத்தில் ஒரு சின்னக் கோட்டை என்று எடுத்து வைப்பார்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில்; தோலுரிக்கும்போது அதுவும் சேர்ந்து கழன்றுவிடும். கண்ணை மூட வழியில்லாத ஒன்றை, எந்தப் பக்கமும் மறைவில்லாத வீட்டில் வைத்து, டியூப்லைட்டையும் போட்டுவிட்டு, ஏன் சாப்பிட மாட்டேனென்கிறது என்று கேட்கிறோம்.

கிடப்போன் அடைப்பு பாம்பு தானாக விரும்பிக் கிடப்பது. கரையான் கட்டிக் கொடுத்த புற்று, மலைக்காரர் வீட்டில் சாமை கொட்டிய குதிரின் அடி, பட்டை விட்டுப் பிரிந்த மரத்தின் இடுக்கு இவையெல்லாம் இவ்வகை. இவ்வகைக்குத் தலை என்று நான் வைப்பது நம் மலையின் பாம்பையே. 1863-இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்த மருத்துவர் ஜான் ஷார்ட் பெயரால் குறித்த 'யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை' அது. சேர்வராயன் மலைக்கே உரியது. மண்ணுக்குள் இருக்கும், மண்புழு தின்னும், மழைக்காலத்தில் எஸ்டேட் சாலையில் நசுங்கிக் கிடக்கையில்தான் நம் கண்ணில் படும். அதன் இனத்துப் பாம்புகளுக்கு வால்முனையில் சொரசொரப்பாக ஒரு தட்டு உண்டு. நுழையும்போது அதில் மண் அப்பிக்கொண்டு பின்னாலிருக்கும் வளையை அடைத்துவிடும். வீடும் தானே, கதவும் தானே. இதற்கு மேல் எந்தக் கம்பெனியும் பெட்டி செய்ய முடியாது.

*குட்டிக் காகாது மாளிகை என்ப*
*மறைவிலா மாளிகை என்மனார் சிலரே.*

அளவு பற்றி உரையாசிரியர்கள் பிணங்குவர். ஒரு சாரார், குட்டியைப் பெரிய தொட்டியில் விட்டால் மிரண்டு இரை எடுக்காது, ஆதலால் சோற்று டப்பா அளவே போதும் என்பர். மற்றொரு சாரார், மிரட்டியது பெரிய இடம் அன்று, ஒளிய இடம் இல்லாமை என்பர். பின்னவர் கூற்றே வலிது. வளர்ந்த பாம்பு நேராக நீட்டிப் படுக்க வேண்டும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் குறையாமல் வேண்டும். ஏறுவது அதற்குப் பிடிக்கும், ஆகவே கிளை வேண்டும். ஒளிவிடம் ஒன்று போதாது. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. ஒன்றே வைத்தால், வயிறு கெட்டாலும் சரி என்று மறைவிலேயே கிடக்குமே தவிர சூட்டைத் தேடி வெளியே வராது. தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்தால் குட்டிக்கு அது போதும்.

*குறிஞ்சிப் பெட்டி வேறே, பாலைப்*
*பெட்டி வேறே, இடைநிலம் கொண்டை ஊசி.*

இச்சூத்திரமே நூலுக்கு உயிர். திணை பார்க்காமல் பெட்டி வாங்கினவன் பணத்தையும் இழப்பான், பாம்பையும் இழப்பான். கார்ன் ஸ்நேக்குக்குப் பெட்டியின் ஒரு முனையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 22 முதல் 24 இருக்க வேண்டும். அதற்கும் நமக்கும் வேறுபாடு இதில்தான். நமக்குச் சோறு செரிக்கும் சூடு உள்ளிருந்து வரும், அதற்கு வெளியிலிருந்து வர வேண்டும். எலியை விழுங்கிவிட்டுக் குளிரில் கிடந்தால் எலி செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகும். இரண்டு மூன்று நாளில் கக்கிவிடும். அந்த வாடை காப்பிக் கொட்டை வறுக்கும் வாடைக்கும் அடங்காது.

சேலத்தில் சித்திரை வெயில் 40-ஐத் தொடும்போது அங்கே கேள்வி எப்படிக் குளிர வைப்பது என்பது. கம்பி வலை மூடியும் நிழலும் தண்ணீர்க் கிண்ணமுமே அங்கே இலக்கணம். கண்ணாடித் தொட்டியும் தாங்கும். அதே தொட்டியை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்து வெள்ளக்கடையில் வைத்தால் திணை மயக்கம். மார்கழி இரவில் 13 டிகிரி வாக்கில் இறங்கும் ஊர் இது. கண்ணாடி உள்சூட்டையெல்லாம் வெளியே விட்டுவிடும், வலை மூடி மீதியை விடும். அடியில் ஒட்டும் ஹீட்டிங் மேட் கண்ணாடியைத்தான் சுட வைக்கும், காற்றை அன்று. கடைக்காரர் அதோடு தெர்மோஸ்டாட் தரவில்லையென்றால், மேட் தன் போக்கில் சுட்டு வயிற்றைப் பொசுக்கவும் செய்யும்.

ஆகவே குறிஞ்சிக்கு மரப்பெட்டி. மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் பலகை இங்கே எளிதில் கிடைக்கும். நன்றாக உலர்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். தேவதாரு வகையில் செடார் என்று விற்கும் வாசனை மரத்தின் தூள் ஆகாது, அதன் எண்ணெய் பாம்புக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகையில் மரக்கிளை கம்பிமேல் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குப் பழைய கம்பளியைப் பெட்டிமேல் போர்த்தி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்துச் சமாளிக்க வேண்டும். இரை கொடுக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டும். வளர்ந்ததற்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தீனி போதும். கொஞ்சம் தாமதித்தால் கோபித்துக்கொள்ளாது.

ஈரம் இன்னொரு தொல்லை. இதற்கு நூற்றுக்கு 40 முதல் 60 வரை ஈரப்பதம் போதும். இங்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாக நடந்து வந்து கட்டிலில் உட்காரும் மாதங்களில் மிளகு பூசணம் பிடிக்கும், செருப்பு பூசணம் பிடிக்கும். பாம்புக்கோ செதில் அழுகும், சளி பிடித்து வாயைத் திறந்தபடி மூச்சு விடும். ஒரு பக்கம் அடியிலும் எதிர்ப்பக்கம் மேலேயும் துளை வைத்தால் காற்று குறுக்கே ஓடும். படுக்கைக்கு வெளிநாட்டில் தென்னை நார்த்தூள் போடுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறோமே, அதுதான். அமெரிக்கப் பாம்பு அமெரிக்காவில் கொங்கு நாட்டுத் தூளில் படுக்கலாம். வெள்ளக்கடையில் மழைக்காலத்தில் அதையும் எடுத்துவிட்டுச் செய்தித்தாள் விரிப்பதே நலம், நனைந்தால் மாற்றலாம். தோலுரிக்கும் முன் கண் பால்போல் வெளுக்கும் நாட்களில் மட்டும் ஒரு டப்பாவில் ஈரப் பாசி வைத்தால் போதும்.

*பூட்டுப் பாம்பினைக் காப்பதும் ஆமே.*

"பெரியப்பா, அது மூடியைத் தூக்க மாட்டாது, மேல ரெண்டு புக்கு வெச்சிருக்கேன்" என்றான் தம்பி மகன். மறுநாள் காலை புத்தகம் இருந்தது, பாம்பு இல்லை. தலை நுழைகிற சந்தில் உடம்பு முழுக்க நுழைந்துவிடும் என்பது இந்த இனத்துக்குப் பொது இலக்கணம். வீடெல்லாம் கவிழ்த்துத் தேடினோம். இன்வர்ட்டருக்கும் சுவருக்கும் நடுவே வளையம் போட்டுக் கிடந்தது. இருட்டு, இறுக்கம், விட்டுவிடாத இளஞ்சூடு. கடையில் வாங்கிய தொட்டியில் இல்லாத மூன்றும் அங்கே இருந்தன. கிடப்போன் அடைப்புக்கு இதைவிட நல்ல உரை எழுத என்னால் ஆகாது.

அது வாசல் தாண்டியிருந்தால் கதை வேறு. திட்டுத் திட்டான அந்த உடம்பைப் பார்க்கும் எவரும் விரியன் என்றே கம்பெடுப்பார். அமெரிக்காவிலும் காப்பர்ஹெட் என்ற நஞ்சுப் பாம்பென்று நினைத்து இதை அடித்துக் கொல்வது வழக்கம். அடிபடாமல் தப்பினாலும் நல்லதில்லை. கரீபியன் தீவுகள் சிலவற்றில் இப்படி வந்தேறி நிலைத்துவிட்டிருக்கிறது. இந்த மலையில் எலி பிடிக்கச் சாரை இருக்கிறது. அயலூர் வேலையாள் தேவையில்லை.

பெட்டி செய்ய வந்த ஆசாரி எஸ்டேட்டுகளுக்குத் தேன் பெட்டி செய்பவர். அளவைக் கேட்டுக்கொண்டு, "இதுலருந்து என்னங்க எடுப்பீங்க?" என்றார். ஒன்றும் எடுப்பதில்லை என்றேன். வெகுநேரம் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப கோழிக்கூட்டுக் கொக்கி வேண்டாம், பீரோப் பூட்டு போட்டுர்றேன்" என்றார். இந்நூலைக் கண்ணால் பாராமலே நான்காம் சூத்திரம் அறிந்தவர்.

ஒழிபு ஒன்று உண்டு: தாள். நம் காட்டுப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. வெளிநாட்டுப் பாம்பானால் இறக்குமதி உரிமம், கால்நடைத் தனிமைப்படுத்தல் சான்று என்று வந்த வழி தெரிய வேண்டும். உள்நாட்டிலேயே பொரித்த குட்டி என்றால் அதற்கும் ஒரு சீட்டு வேண்டும். இல்லையேல் அந்தப் பாம்பு எவ்வளவு நல்ல மரப்பெட்டியில் கிடந்தாலும் வகையால் சூட்கேஸ் பாம்பே ஆகும். "பில் எங்கடா?" என்று கேட்டுக் கேட்டு, போன வாரம் பெங்களூர்க் கடையிலிருந்து போனில் ஒன்று வந்து சேர்ந்தது. தேதி இருந்தது, தொகை இருந்தது, ஜிஎஸ்டியும் இருந்தது. சரக்கு விவரம் என்ற இடத்தில் 'அலங்கார மீன், 1' என்றிருந்தது. இதை எவ்வகையில் அடக்குவதென்று இன்னும் துணியவில்லை.